பத்தாவது குப்பி

"அரை கிராம்" என்று ஊரில் பெயர் வாங்கியவர் தன் மனைவியிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை "சரி". முப்பத்தொரு வருஷ இல்லறத்தில் எதற்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி அறியாத மனுஷர் அவர். டீ வேணுமா என்று கேட்டால்கூட, இதற்கு முன் எத்தனை மணிக்குக் குடித்தோம், இப்போது குடித்தால் தூக்கம் என்னாகும், குடிக்காவிட்டால் தலைவலி என்னாகும் என்று இரண்டு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் "அரை கப்" என்பார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குளியலறை வாசலில் வாளியும் கையுமாக நின்று "சரி" என்றார். மறுநாள் காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அந்த "சரி" கோபத்தில் சொன்னதா? ஏழு மாதமாக அவர் மனைவி தையல்காரம்மாவை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் அவள் அழுது முடித்துவிட்டாள்.

அரசாங்கத்தின் எடை அளவுத் துறையில் அவர் ஆய்வாளராக இருந்தார். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்ததுமே "அரை கிராம் வர்றார்டா" என்று கடைக்குக் கடை சேதி ஓடும். தராசுத் தட்டுகள் அவசர அவசரமாகத் துடைக்கப்படும். அரை கிராம் வித்தியாசத்துக்காக ஒரு நகைக்கடையை மூடி சீல் வைத்து, கதவில் "அளவு தவறியவர்" என்று பலகை மாட்டிவிட்டு வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கு அது தெரியும். உள்ளூரப் பெருமையும்கூட. கல்யாணமான முதல் வாரத்தில் மனைவியின் தையல் டேப்பை எடுத்து எஃகு ஸ்கேலோடு வைத்துப் பார்த்து, ஒரு மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்று அறிவித்தார்.

"போட்டுக்கறவங்க யாரும் உங்க ஆபீசுக்கு வந்து புகார் குடுக்கலயே?" என்றாள் அவள்.

மறுநாள் புது டேப் வாங்கி வந்து தையல் மிஷின்மேல் வைத்தார். அவருடைய அன்பெல்லாம் இந்த மாதிரித் திருத்தங்களாகத்தான் வரும்.

இப்படி ஓர் ஆள், எறும்பைக்கூட ஊதித் தள்ளுகிறவர், ஓய்வு பெற்றபின் துப்பாக்கி வாங்கினார். அவருடைய கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டே பல் டாக்டர் தங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். வாய் திறந்திருந்த நிலையில் அரை கிராமால் மறுக்க முடியவில்லை. சங்கத்தில் நூறு பேர் நவீனத் துப்பாக்கிக்காரர்கள். ஒரு மூலையில், பின்னால் இவரையும் சேர்த்து, எட்டுப் பேர் மட்டும் பழைய பாணி: குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணித்துண்டில் பொதிந்த ஈயக் குண்டைக் கம்பியால் இடித்து இறக்கி, பின்பக்கம், அடித்தால் பொறி விடும் ஒரு சின்னச் செப்புக் கேப்பை மாட்டிச் சுடுகிறவர்கள். ஒரு வேட்டுக்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

"இது சுடறது இல்ல, சமையல்" என்றாள் தையல்காரம்மா, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு.

"அதான் விஷயமே. ஒவ்வொண்ணுக்கும் அளவு இருக்கு" என்றார் அவர், கண் மின்ன.

முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. (பெண் பார்க்கப் போய்ச் சம்மதம் சொல்ல ஐந்து மாதம் எடுத்தவர், அந்த வகையில் மருந்துக்கு அதிர்ஷ்டம்தான்.) புகையில்லாத நவீன மருந்து கூடவே கூடாது, அது குழலையே கிழித்துவிடும் என்று துப்பாக்கி ரிப்பேர்காரர் முதல் நாளே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். மிச்சம் இரண்டு. ஒன்று, பழைய அசல் கருமருந்து: சட்டென்று பற்றும், ஆனால் கரி அப்பும், அழுகிய முட்டை நாற்றம் நாறும். மற்றது, அதற்குப் பதிலாக இப்போது விற்கும் மாற்று மருந்து: நாற்றமும் கரியும் குறைவு, பற்றத்தான் கொஞ்சம் சூடு கூடுதலாகக் கேட்கும். புதிதாகச் சேருகிறவர்கள் பாதிப் பேர் மாற்று மருந்துதான் வாங்குகிறார்கள், குறிப்பாக வீட்டில் மனைவி உள்ளவர்கள் என்று ரிப்பேர்காரர் சொன்னார்.

அரை கிராமும் அதைத்தான் வாங்குவதாக இருந்தார். ஒரு சின்ன விஷயம் குறுக்கே வந்தது. மாற்று மருந்து எடை குறைவு. அதைத் தராசில் நிறுக்கக் கூடாது. பித்தளை அளவுக் கிண்ணத்தில் முகந்து, அசல் மருந்து அந்தக் கிண்ணத்தில் எவ்வளவு எடை பிடிக்குமோ அந்த எண்ணையே இதற்கும் சொல்ல வேண்டும்.

"ஐம்பது இருக்கற பொருளை எழுபதுன்னு சொல்றதா?" என்றார் வீட்டுக்கு வந்து, முகம் சிவக்க. "இதுக்காகத்தானே முப்பது வருஷம் சீல் வெச்சேன்?"

"நாறாதுன்னு சொல்றாங்களே, அத வாங்குங்களேன்."

"நாத்தம் வேற, நேர்மை வேற."

ஆக, கொள்கையின் பேரில் அந்த வீட்டுக்குள் அழுகிய முட்டை நாற்றம் வந்து சேர்ந்தது. நடுத்தரக் குருணை, அசல் கருமருந்து. அதையும் கிண்ணத்தால் அளந்தாலே போதும் என்றார்கள் சங்கத்தில். தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் கிண்ணத்தால் அளந்ததைத் திருட்டுத்தனமாகத் தன் பழைய தராசில் இன்னொரு முறை நிறுப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் பத்து வேட்டுக்கான மருந்து. ஒவ்வொரு மூடியிலும் ஓர் எண். அவருடைய பழைய ஆபீஸ் சட்டைகளிலிருந்து மனைவி வட்ட வட்டமாகத் துணி வெட்டித் தருவாள். சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், கலப்பு நூல் சூட்டில் உருகிவிடும். நீலக்கட்டம் போட்ட சட்டை ஒன்றே நூற்றிருபது வட்டம் கொடுத்தது.

சுட்டால் அன்றைக்கே கழுவ வேண்டும். அதுதான் இந்தத் துப்பாக்கியின் சட்டம். குழலில் படியும் கரி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். மாடி வீட்டில் அதற்கு இருந்தது ஒரே குளியலறை. வாளியில் கொதிக்கும் நீர், இரண்டு சொட்டு சோப்பு. கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தை வாளிக்குள் வைத்து, துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால் கேப் மாட்டும் துளை வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும். முதல் தடவை அந்தக் கரித்தண்ணீர் தெறித்து, வாடிக்கையாளர் ஒருத்தியின் வெள்ளை ரவிக்கையில் ஏழு புள்ளி விழுந்தது. அவர் எண்ணிச் சொன்னார், "ஏழுதான்."

அதற்குப் பிறகு, சனிக்கிழமைகளில் தைத்த துணி எதையும் குளியலறைப் பக்கம் வைப்பதில்லை என்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு ஐந்தாறு சனிக்கிழமைகள் ஒழுங்காகப் போயின. கடைசிச் சனிக்கிழமை மட்டும், மறுநாள் காலை கொடுக்க வேண்டிய ஒரு கல்யாண கவுன் குளியலறையில் தொங்கிக்கொண்டிருந்தது. நீராவியில் சுருக்கம் போகட்டும் என்று அவள்தான் மாட்டியிருந்தாள். தரை வரைக்கும் வெள்ளை. வாளியோடு அவர் வந்து நின்றார்.

"ஐயய்யோ, கிட்ட வராதீங்க! இன்னைக்கு அந்தக் கருமத்த இங்க கொண்டுவந்தீங்கன்னா நான் வீட்டை விட்டே போயிடுவேன். நாளைக்குக் கழுவுங்க. ஒரு நாள்ல துரு பிடிச்சுக் குடியா முழுகிடப் போகுது?"

ஈரப்பதம், கரி, இரும்பு என்று கால் மணி நேரமாவது வகுப்பெடுப்பார் என்று எதிர்பார்த்து அவள் இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றாள். அவர் "சரி" என்றார். துப்பாக்கியை உறையில் போட்டு அலமாரிக்குள் சாய்த்துவிட்டு, சாப்பிட்டு, பேசாமல் படுத்துவிட்டார்.

"அப்பா கோபம்னா ஒரு மணி நேரம் பேசுவாரேம்மா" என்றாள் வெளியூரிலிருக்கும் மகள், போனில். "சரின்னா எப்படிக் கோபமாகும்?"

"பேசினாக் கோபம் இல்லடி. பேசலன்னாதான்."

"நீயா எதையாவது நெனச்சுக்காத. அந்தத் துப்பாக்கிய யாருக்காவது குடுத்துத் தொலை."

கொடுக்கவும் இல்லை, அலமாரியைத் திறக்கவும் இல்லை. ஏழு மாதம் கழித்து லைனிங் துணி தேடித் திறந்தபோது, அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளை லைனிங்கில் ஒரு செம்பழுப்பு வட்டம். உறையின் நுனி கிழிந்து, குழலின் வாய் அந்தத் துணிமேல் ஊன்றியிருந்தது. அச்சுக் குத்தியது போல அத்தனை சுத்தமான துரு. ஒரு நாளில் குடி முழுகாது என்று அவள் சொன்னது நிஜம்தான். ஏழு மாதத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

உறையோடு இருந்த அவருடைய சாமான் பையைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்பது குப்பிகள் காலி. பத்தாம் எண் போட்டது மட்டும் நிறைய, மூடி திறக்காமல். ஒன்பது சுட்டுவிட்டு வந்திருக்கிறார். பத்தாவது ஏன் விட்டார் என்று தெரியவில்லை. இந்தத் துருவையாவது சரி பண்ணியாக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. துப்பாக்கியையும் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"வாத்தியமாம்மா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி, நீள உறையைப் பார்த்து.

"ஆமா. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சுரம்."

ரிப்பேர்காரரின் கடை ஒரு சைக்கிள் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு பட்டறை இடுக்கி, சுவர் முழுக்க ஸ்க்ரூ டிரைவர்கள். ரிப்பேர்காரருக்கு நாற்பது வயசு இருக்கும். துப்பாக்கிகளோடு பேசிப் பேசி மனுஷர்களிடமும் சத்தமாகவே பேசுவார். உறையைத் திறந்தவர் குழலின் வாயைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"சாரோடதாம்மா? சாரா இப்படி விட்டாரு?"

"சார் விடல, தம்பி. நான்தான் விட வெச்சேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் காரியமாகத் துப்பாக்கியின் கம்பியை உருவிக் குழலுக்குள் இறக்கினார். "எந்தத் துப்பாக்கி வந்தாலும் மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். சார் பாருங்க, கம்பியில ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்காரு. காலியா இருந்தா இந்தக் கோடு வாயோட வாயா நிக்கும். மருந்தும் குண்டும் இருந்தா அந்தக் கோடு. நானே இவ்வளவு நுணுக்கமாப் போட மாட்டேன்..."

நிறுத்தினார். கம்பியை உருவி மறுபடி இறக்கினார். டொக் என்றது.

"என்ன தம்பி?"

"ரெண்டு கோட்லயும் நிக்கல. காலிக் கோட்டுக்கு ஒரு குண்டு உசரம் வெளிய நிக்குது." தலையைச் சொறிந்தார். "உள்ள குண்டு இருக்கும்மா. மருந்து இல்ல."

"அப்படின்னா?"

"மருந்து போடாம குண்டை மட்டும் இடிச்சு எறக்கிட்டாருன்னு அர்த்தம். கேப் அடிச்சிருப்பாரு, டிக்குனு சத்தம் வந்திருக்கும், அவ்வளவுதான். போன குண்டு வெளிய வராது. வாய் வழியாப் போனது வாய் வழியாத்தான் வரணும்."

பத்தாம் எண் குப்பி பைக்குள் இருந்தது. அவள் அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூன்று மாதம் மருந்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு முறை அளந்து, எண் போட்டு மூடியவர் அதைக் கொட்ட மறந்திருந்தார்.

பையின் பக்கவாட்டு அறையில் இன்னும் ஏதோ தட்டுப்பட்டது. பிரிக்காத பாக்கெட்டில் ஒரு சின்ன இரும்புத் திருகு. அதைப் பார்த்ததும் ரிப்பேர்காரரின் குரல் முதல் தடவையாக இறங்கிற்று.

"இது என்கிட்ட வாங்கினதும்மா. அந்தக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் வந்தாரு. மாட்டின குண்டை இழுக்கற திருகு இருக்கான்னு கேட்டாரு. யாருக்கு சார்னேன். ஒரு நண்பருக்குன்னாரு."

"நண்பருக்கா?"

"எல்லாரும் நண்பருக்குன்னுதாம்மா கேப்பாங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சு. சிரிச்சா நல்லா இருக்காதேன்னு பேசாம குடுத்துட்டேன்."

அவள் திருகைக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு வாளியும் கையுமாக வந்தவர் வெறுமனே கழுவ வரவில்லை. யாருக்கும் தெரியாமல், கதவைச் சாத்திக்கொண்டு, குளியலறையில் அந்தக் குண்டை வெளியே எடுக்க வந்திருக்கிறார். வாசலிலேயே அவள் மறித்தாள். ஏன் இன்றைக்கே வேண்டும் என்று வாதாடினால் காரணம் சொல்ல வேண்டிவரும்.

"இதுக்கு இவ்வளவு வெக்கப்படணுமா, தம்பி?"

"பலகை இருக்கேம்மா" என்றார் அவர். சங்கத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. மேலே "மருந்து மறந்தவர்கள்" என்று எழுதியிருக்கும். எவன் மறந்தாலும் எல்லார் முன்னாலும் சாக்பீஸ் எடுத்துத் தன் கையால் தன் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். வருஷக் கடைசியில்தான் அழிப்பார்கள். "சும்மா தமாஷுக்குத்தான். சாருக்கு அது தமாஷாத் தெரியல போல."

எத்தனை கடைக் கதவில் பலகை மாட்டிய கை அது. தன் பெயரை எழுதும் சாக்பீஸ் மட்டும் அதற்குக் கனத்துவிட்டது.

பிறகு அவள் கேட்ட கேள்விக்காகத்தான் அத்தனை தூரம் வந்தது போல இருந்தது. "நல்லா இருக்கற மனுஷனும் இப்படி மறப்பானா? இல்ல, அன்னைக்கே உள்ள ஏதோ ஆயிடுச்சா? நான்தான் கவனிக்காம விட்டேனா?"

"நான் பதினொரு தடவ மறந்திருக்கேம்மா" என்றார் ரிப்பேர்காரர். "நான் சாகல. பல் டாக்டர் இந்த வருஷம் மட்டும் மூணு தடவ. பக்கத்துல ஒருத்தன் பேச்சுக் குடுத்தாப் போதும், போச்சு. இது வியாதி இல்ல. இந்தத் துப்பாக்கியப் புடிச்ச அத்தன பேரும் பண்ற தப்பு."

அவர் குழலுக்குள் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, எண்ணெய் விட்டு, இடுக்கியில் கவ்வக் கொடுத்தார். புதுத் திருகைக் கம்பியில் மாட்டி, குண்டுக்குள் முறுக்கி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். முனகலோடு வந்தது. துணியோடு ஒட்டிய ஈயக் குண்டு. துணி பாதி பழுப்பு. மீதியில் நீலக்கட்டம் தெரிந்தது. அவள் கத்தரித்த விளிம்பு அவளுக்குத் தெரியாதா?

"கழுவித் தந்துடறேன். நாளைக்கு வாங்க."

"வேணாம். எப்படின்னு சொல்லுங்க, நானே பண்றேன்."

"உள்ள அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருக்கும்மா. எவ்வளவு தேச்சாலும் அது போகாது. சுடும், ஆனா பழைய குறி இருக்காது." குப்பியை மட்டும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்குக் குளியலறையில் எந்த உடையும் தொங்கவில்லை. வாளியில் கொதிநீர், இரண்டு சொட்டு சோப்பு. குழல் சூடேறிக் கையில் பிடிக்க முடியாமல் போயிற்று; சமையலறைத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கம்பியை மேலே இழுக்கும்போது குழல் தண்ணீரை உறிஞ்சியது, கீழே அழுத்தும்போது கருப்பாகத் துப்பியது. ஏழு மாதக் கரி சுடுநீர் பட்டதும் அதே முட்டை நாற்றத்தை எழுப்பியது. ஜன்னலைத் திறக்கப் போனவள் திறக்காமல் திரும்பி வந்தாள். துணி வெள்ளையாக வரும்வரை மாற்ற வேண்டும் என்பது விதி. முதலில் கருப்பு, பிறகு சாம்பல், பிறகு டீ நிறம். இருபது துண்டுக்குப் பிறகும் டீ நிறமே. அதற்குமேல் அது வெளுக்கவில்லை. துடைத்து, உலர்த்தி, எண்ணெய் போட்டு, தரையைத் தேய்த்துக் கழுவினாள். சுவரில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. ஒன்றுதான்.

கோபம் இல்லை என்று தெரிந்ததில் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. கோபமாகப் போயிருந்தால், போகட்டும், எத்தனையோ கோபத்தில் அதுவும் ஒன்று. வெட்கத்தோடு, சொல்ல ஆளில்லாமல் படுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், அவரும் கடைசியில் சிரித்திருப்பார். அவள் சிரிப்பாள் என்று தெரிந்துதானே சொல்லவில்லை!

அடுத்த சனிக்கிழமை சங்கத்துக்குப் போனாள். பல் டாக்டர் எழுந்து வந்தார். "வாங்கம்மா. துப்பாக்கிய விக்கிறதா இருந்தா..."

"விக்கல. சாக்பீஸ் எங்க இருக்கு?"

விஷயத்தை அவள் சொன்னதும் எட்டுப் பேரில் மீதியிருந்த ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பலகையில் பதினாலு பெயர்கள். பல் டாக்டர் பெயர் மூன்று இடத்தில், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சின்ன எழுத்தில்.

"சட்டப்படி அவரவர் கையால எழுதணும்மா" என்றார் பல் டாக்டர், தயங்கித் தயங்கி. சொல்லியபின் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் திண்டாடினார்.

"அவரு குடுத்த டேப்பாலயே நான் முப்பத்தோரு வருஷம் அளந்தேன், டாக்டர். அவரு எழுத்து மட்டும் வராதா?"

தேதி வரிசை தவறக் கூடாது என்பதால் இரண்டு பெயர்களுக்கு நடுவே இடுக்கி எழுத வேண்டியிருந்தது. பெயரை எழுதினாள், ஏழு மாதத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமைத் தேதியை எழுதினாள். எழுத்து கொஞ்சம் ஏற்றமாகப் போய்விட்டது. அவர் இருந்திருந்தால் ஸ்கேல் கேட்டிருப்பார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார் பல் டாக்டர். "நாங்களே குண்டை எடுத்துக் குடுத்திருப்போம். கொஞ்ச நேரம் கேலி பண்ணியிருப்போம், அப்புறம் மறந்திருப்போம். வாங்க, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

எத்தனையோ சொல்லத் தோன்றியது அவளுக்கு. சாக்பீஸைப் பலகையின் அடிச்சட்டத்தில் வைத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள்.